களி மாட்டிக்கொண்ட பிறகு: எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர் திட உணவுக்குத் திரும்புவது எப்படி?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் 38 வயதுச் சகோதரி எழுதியிருக்கிறார். 114 கிலோ எடை, எட்டு வருடமாகச் சுகர், முழங்கால் வலி. பத்து வாரங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டார். கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். மாமியாரிடமும் அக்கம்பக்கத்திலும் 'ஹெர்னியா ஆபரேஷன்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

முதல் ஆறு வாரம் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டுப்படியே போயிருக்கிறார். வேலைக்குத் திரும்பிய ஏழாவது வாரத்தில், "தண்ணியா குடிச்சிட்டுப் போனா மிஷின்ல எப்படி உக்காருவ?" என்று மாமியார் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைத்திருக்கிறார். பழக்கப்படி இரண்டு உருண்டை விழுங்கியதும், "நெஞ்சுக்குக் கீழ கல்லு மாதிரி நின்னுடுச்சு டாக்டர். எச்சி நுரை நுரையா வருது, தண்ணிகூட எறங்கல. ஒரு மணி நேரம் கழிச்சு வாந்தியில வந்துச்சு" என்கிறார். அதன் பிறகு மூன்று தடவை குழைந்த சோறு சாப்பிட்டுப் பார்த்து மூன்று தடவையும் வாந்தி. தெருமுனை கிளினிக்கில் 'வாந்தி, வயித்து வலி' என்று மட்டும் சொன்னதில் குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கு ஊசியும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த மூன்று வாரமாக அரிசிக் கஞ்சி, இளநீர், சாத்துக்குடி ஜூஸ், பால், மோர் மட்டும்தான். எடை 96 கிலோவுக்கு வந்துவிட்டது. ஒரு மாத ரிவ்யூவுக்கு லீவு கிடைக்காமல் போகவில்லை. வைட்டமின் மாத்திரை பெரிதாக இருக்கிறது, குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டார். கஞ்சியும் ஜூஸும் குடிப்பதால் சுகர் ஏறிவிடும் என்று பயந்து, மருத்துவமனை நிறுத்தச் சொன்ன பழைய சுகர் மாத்திரையைத் தானாகவே மறுபடி போடுகிறார். தையல் பிரிந்துவிட்டதா? எடை நன்றாகக் குறைவதால் இப்படியே நீர் ஆகாரத்தில் இருந்துவிடலாமா? வைகாசியில் வாணியம்பாடியில் கொழுந்தனார் கல்யாணம், பிரியாணி சாப்பிடலாமா? இவை அவருடைய கேள்விகள். முடிக்கும்போது, "முடி கொத்துக் கொத்தா கொட்டுது. பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்கு, அது சுகர்னால இருக்கும். மத்தியானத்துல படபடன்னு வேர்த்துக் கொட்டுது, வேலூர் வெயிலுக்கு யாருக்குத்தான் வேர்க்காது" என்று எழுதியிருக்கிறார்.

முதலில் உங்கள் பாதம்

அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகவே கேட்காமல் போகிற போக்கில் எழுதிய அந்த மதமதப்பைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் நாள் கடத்தக் கூடாத விஷயம் அதுதான்.

தயமின் என்று ஒரு சத்து இருக்கிறது. வைட்டமின் பி1 என்பார்கள். சாப்பிடும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடம்பு எரித்துச் சக்தியாக்க அது வேண்டும். நரம்பும் மூளையும் அதை நம்பியே இருக்கின்றன. உடம்பில் அதன் கையிருப்பு மிகக் குறைவு, இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். நீங்கள் மூன்று வாரமாக வெள்ளை அரிசிக் கஞ்சியும் ஜூஸும் குடிக்கிறீர்கள், வைட்டமின் மாத்திரை இல்லை, நடுவில் வாந்தியும் எடுத்திருக்கிறீர்கள். தயமின் தீர்ந்துபோவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. பாத மதமதப்பு, எரிச்சல், கால் துவளுவது எல்லாம் அதன் ஆரம்ப அடையாளங்கள். அதை விட்டுவிட்டால் கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சும் ஞாபகமும் குழம்பும். அந்தக் கட்டத்துக்குப் போனபின் சிகிச்சை கொடுத்தாலும் சிலருக்கு ஞாபக சக்தி முழுதாகத் திரும்புவதில்லை. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள்தான் வரும். நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள்.

'சுகரால் இருக்கும்' என்ற உங்கள் கணிப்பு தப்பென்று சொல்ல மாட்டேன். எட்டு வருட சுகருக்குப் பாத நரம்பு கெடலாம். பி12 குறைவும் இருக்கலாம்: மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையும், இரைப்பையைக் குறைத்தால் இன்னும் குறையும். ஆனால் மூன்று காரணமும் சாத்தியம் என்னும்போது, எது காத்திருக்காதோ அதற்குத்தான் முதலில் மருந்து கொடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தயமினை நிறுத்திவைப்பது வழக்கமில்லை. சந்தேகம் வந்தாலே ஊசியாகக் கொடுத்துவிடுவோம். அதனால் நாளை லீவு போடுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போவது நல்லது. அது தூரமென்றால் வேலூரில் சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ போங்கள். கண் மங்குகிறது, இரட்டையாகத் தெரிகிறது, நடக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் நாளை வரைகூட வேண்டாம், இந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் சோர்வு, வாந்தி என்று போனால் குளுக்கோஸ் ஏற்றுவது வாடிக்கை. தயமின் காலியான உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், கொஞ்சநஞ்சம் இருக்கும் தயமினும் அதை எரிப்பதில் செலவாகிவிடும். நோய் ஒரே நாளில் முற்றிவிடக் கூடும். ஆகவே வரிசை முக்கியம்: தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. பாட்டிலில் கலக்கும் மஞ்சள் நிற வைட்டமின் மருந்திலும் கொஞ்சம் தயமின் இருக்கும். அந்த அளவு உங்களுக்குப் போதுமா என்பதை மருத்துவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கிளினிக் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் ஸ்லீவ் செய்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வலி ஊசியையும் யோசித்துத்தான் போட்டிருப்பார். டைக்ளோஃபெனாக், புரூஃபென் வகை வலி மருந்துகள் சிறிதாக்கிய இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. முழங்கால் வலிக்கும் கடையில் கேட்டு அவற்றை வாங்க வேண்டாம். பாரசிட்டமால் போதும்.

ஆபரேஷனை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. மருத்துவரிடம் மறைப்பது மட்டும் உங்களுக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லாமல் காப்பது மருத்துவரின் கடமை, மாமியார் கேட்டாலும்.

அடுத்தது மத்தியானப் படபடப்பு. கத்திரி வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும், சரிதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடும் இருக்கிறது. கிளிமெபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். 114 கிலோவில் மூன்று வேளையும் சாப்பிட்ட உடம்புக்கு எழுதிய மருந்து அது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை குறையும் முன்பே சுகர் இறங்க ஆரம்பிக்கும், அதனால்தான் நிறுத்தச் சொன்னார்கள். படபடப்பு வரும்போது விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த மாத்திரையை இனி மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். தையல் மிஷின் ஊசிக்குப் பக்கத்தில் கையை வைத்து வேலை செய்பவர் நீங்கள்.

தையல் பிரியவில்லை, ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும்

தையல் பிரிந்திருந்தால் வேறு மாதிரி இருக்கும். காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிப்பது, விடாத வயிற்று வலி, சிலருக்கு இடது தோளில் வலி. அது பெரும்பாலும் முதல் சில வாரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு வந்தது ஒரு மணி நேரத்தில், உருண்டை வெளியே வந்ததும் தீர்ந்துவிட்டது. அது மாட்டிக்கொண்டதுதான்.

ஏன் மாட்டியது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி போகும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒடுங்கிய குழாய். எடுத்த பகுதியில்தான் சாப்பாடு வந்ததும் நெகிழ்ந்து இடம் கொடுக்கும் மேல்பை இருந்தது. முன்பு நீங்கள் எதை விழுங்கினாலும் அந்தப் பை வாங்கிவைத்துக்கொண்டு, பிசைந்து, மெல்லக் கீழே அனுப்பியது. இப்போது அந்த வேலையை உங்கள் பல் செய்ய வேண்டும்.

களி என்பதோ மெல்லக் கூடாத சாப்பாடு! வட ஆற்காட்டில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். சின்ன வயதில் களியை மென்றால், 'என்னா மெல்லற, முழுங்கு' என்பார்கள். உருண்டையைக் குழம்பிலோ கடைசலிலோ புரட்டி அப்படியே இறக்குவதுதான் களி சாப்பிடும் முறை. ஒட்டும் தன்மையுள்ள மாவு, முழு உருண்டை, மெல்லாமல் விழுங்கியது. ஒடுங்கிய குழாயில் இது மூன்றும் சேர்ந்தால் நிற்காமல் என்ன செய்யும்? அப்போது வந்த நுரை, அடைப்பை வழுக்கி இறக்க உணவுக்குழாயும் வாயும் சுரந்த எச்சிலும் சளியும். ரத்தமோ சீழோ இல்லை, பயப்பட வேண்டாம். அடுத்த முறை அப்படி ஆனால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், வலிதான் கூடும். எழுந்து மெதுவாக நடங்கள், எச்சிலைத் துப்பிவிடுங்கள். பல மணி நேரமாகியும் எச்சில்கூட இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்படியானால் குழைந்த சோறு ஏன் வந்தது? சோறு குழையக் குழைய எளிது என்று நாம் நினைக்கிறோம். காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் அது சரி. ஸ்லீவ் செய்தவருக்குக் குழைந்த சோறு, புதுப் பிரெட், பரோட்டா போன்றவை ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகிவிடும். பலருக்கு மீனும் முட்டையும் இறங்கும் நாளில் சோறு இறங்காது. ஆகவே நீங்கள் மூன்று தடவை தோற்ற பரீட்சையே சரியான பரீட்சை இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்குக் குழாயின் நடுவளைவில் சுருக்கம் விழும். மசித்த பருப்பும் தயிரும்கூட மறுபடி மறுபடி எதிர்த்து வந்தால், அல்லது முன்பு இறங்கிய திரவமே இறங்கச் சிரமப்பட்டால் அதை நினைக்க வேண்டும். மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயிலோ எண்டோஸ்கோப்பியிலோ தெரிந்துவிடும். சுருக்கம் இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப்பி வழியாகவே பலூன் வைத்து விரித்துவிடலாம். நாளை போகும்போது களியையும் மூன்று வாந்தியையும் தேதியோடு சொல்லுங்கள். பரிசோதனை வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

நீர் ஆகாரத்திலேயே இருந்துவிட முடியாது

எடை குறைகிறதே என்கிறீர்கள். தராசு கொழுப்பு போனதா சதை போனதா என்று சொல்லாது. நீங்கள் எழுதிய ஒரு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு டம்ளர் பாலில் பத்து கிராம் புரதம் வரும், கஞ்சியில் நான்கைந்து, மோரில் கொஞ்சம். இளநீரிலும் ஜூஸிலும் அநேகமாக ஒன்றுமில்லை. மொத்தம் இருபது கிராமைத் தாண்டாது. உங்களுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், 80 வரை போகலாம். பற்றாக்குறைக்கு உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து எழும்போது கையூன்ற வேண்டியிருக்கிறதா, மாடிப்படியில் தொடை நடுங்குகிறதா என்று பாருங்கள். தசை போவது முதலில் அங்கேதான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நீர் வயிற்றில் நிற்காமல் ஓடிவிடும். பசி அடங்காது, மறுபடி குடிக்கத் தோன்றும். இன்று கஞ்சி, ஜூஸ். ஆறு மாதம் கழித்து அதுவே பாயசம், குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆபரேஷன் செய்தும் எடை திரும்ப ஏறியவர்களிடம் பேசிப் பாருங்கள், 'திடமா சாப்பிட்டா அடைக்குது, அதனால இதுதான் எறங்குது' என்று இனிப்புத் திரவத்தில் தங்கிவிட்டவர்கள் அவர்களில் இருப்பார்கள். கெட்டியான புரத உணவு நின்று நிதானமாக இறங்கும், நாலு வாய்க்கே நிறைவு வரும். ஆபரேஷன் உங்களுக்குக் கொடுத்த பலனே அந்த நிறைவுதான். அதைத் தொடாமல் விட்டுவிடாதீர்கள்.

முடி கொட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய ஆபரேஷனும் வேகமான எடை இறக்கமும் நடந்தால் மூன்றாவது மாதத்தையொட்டி முடி உதிர்வது சகஜம். சில மாதத்தில் நின்று மறுபடி வளரும். புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் அந்த உதிர்வு நீளும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

திரும்பும் வழி

சாதாரணமாக இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் நீர், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு மெத்தென்ற உணவு, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வழக்கமான உணவு என்று போவோம். மருத்துவமனைக்கு மருத்துவமனை சில நாள் முன்பின் இருக்கும். நாள்கணக்குப்படி நீங்கள் கடைசிப் படியில் இருக்க வேண்டியவர். ஆனால் மூன்று வாரமாக விட்டுவிட்டதால், மசித்த பதத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இது தோல்வி இல்லை, இரண்டு மூன்று வாரத்தில் தாண்டிவிடுவீர்கள். சுருக்கம் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு இப்படிப் போகலாம்.

*முதல் வாரம்.* ஸ்பூனில் எடுத்தால் நிற்க வேண்டும், நாக்கால் நசுக்கினால் மசிய வேண்டும். அதுதான் பதம். கடைந்த துவரம்பருப்பு, கட்டித் தயிர், முட்டையைப் பால் விட்டு ஈரமாகக் கிளறியது, மிக்சியில் அரைத்த கோழி, மசித்த பரங்கிக்காய். ஒரு வேளைக்கு நான்கைந்து ஸ்பூன் போதும். ஒரு நாளை இப்படி வைத்துப் பாருங்கள்: காலையில் ஒரு முட்டை, பத்தரைக்குப் புரதப் பொடி கலந்த பால், மத்தியானம் ஒரு பிடி பருப்பில் கடைந்ததும் கொஞ்சம் தயிரும், நாலு மணிக்கு உதிர்த்த பன்னீர் இரண்டு மூன்று ஸ்பூன், சாயந்திரம் மறுபடி அந்தப் பால், ராத்திரி முள் எடுத்து மசித்த மீன். 60 கிராம் வந்துவிடும். புரதப் பொடி என்பது சத்துமாவு இல்லை. டப்பாவின் பின்னால் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை சர்க்கரை என்று படித்து வாங்குங்கள்.

*அடுத்த இரண்டு வாரம்.* மசிப்பதை நிறுத்தி, மெத்தென்ற உணவைப் பல்லுக்குக் கொடுங்கள். குழம்பு மீன், வேகவைத்த முட்டை, ஈரமான கைமா, பன்னீர், நன்றாக வெந்த பீர்க்கங்காய், சுரைக்காய், சாம்பாரில் ஊறிய அரை இட்லி. முட்டையும் மீனும் முதலில், இட்லி கடைசியில். ஏரி மீன் ருசிதான், ஆனால் முள் அதிகம், இப்போது முள் குறைந்த மீனாகப் பாருங்கள். முருங்கைக்காயின் சதையை மட்டும் வழித்துக்கொள்ளுங்கள், சக்கை உள்ளே போகக் கூடாது. சாத்துக்குடி, ஆரஞ்சின் வெள்ளை நாரும் அப்படித்தான். நார் திரண்டு கட்டியானால் அதுவே அடைப்பாகும். இலவம்பாடி முள் கத்திரிக்காயை எண்ணெய் குறைத்துச் செய்தால் தாராளமாகச் சாப்பிடலாம், அது வெந்தால் வெண்ணெயாகிவிடும்.

ஒரு நாளில் ஒரே ஒரு புது உணவு. அதுவும் வீட்டில், ஓய்வாக இருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்லது, கம்பெனி கேன்டீன் வேண்டாம். சுண்டு விரல் நகமளவு வாய், இருபது முப்பது மெல்லல், வாய் காலியான பிறகு ஸ்பூனைத் தொடுவது. இருபது நிமிடமாவது ஆக வேண்டும். நெஞ்சுக்குழியில் லேசாக இறுக்கமோ, விக்கலோ, மூக்கில் நீரோ வந்தால் அதுதான் உங்கள் வயிறு 'போதும்' என்று சொல்லும் விதம். தட்டில் ஒரு ஸ்பூன் மிச்சமிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள், ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம்.

*தண்ணீர்.* சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். மற்ற நேரமெல்லாம் மடக்கு மடக்காக, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல். ஷெட்டில் தகரக் கூரைக்குக் கீழே உட்காருபவருக்கு இந்த மாதத்தில் இன்னும் கூடவே வேண்டும். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு நீர் வற்றினால் ரத்தக் கட்டி வரும் அபாயமும் உண்டு. பாட்டிலை மிஷின் பக்கத்திலேயே வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடிப்பது பத்தவில்லை.

*மாத்திரை.* இது வாழ்நாள் முழுவதும். பெரிய மாத்திரை குமட்டினால் மென்று தின்னும் வகையைக் கேளுங்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். கால்சியமும் இரும்பும் சேர்ந்து போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12-ஐ ஊசியாகவும் போட்டுக்கொள்ளலாம். பித்தக்கல் வராமலிருக்க ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தால் அதையும் நிறுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான், வரிசையில் நின்று கை கழுவவே பத்து நிமிடம் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அங்கே முழுச் சாப்பாடு சாப்பிட முயற்சி செய்யாதீர்கள். டீ இடைவேளைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று என்று பிரித்துவிடுங்கள். 'வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் சாப்பிட வேண்டும்' என்று மட்டும் எழுதி மருத்துவர் சான்று தருவார். என்ன ஆபரேஷன் என்று சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாமியாரும் கேழ்வரகும்

உங்கள் மாமியார் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அவர் மேல் மரியாதைதான். மருமகள் உடம்பு வற்றிக்கொண்டே போகிறது, ஏன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த பலமான சாப்பாட்டை அவர் வைத்தார். உண்மை தெரிந்திருந்தால் உருண்டை பிடித்து வைத்திருக்க மாட்டார். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் தினமும் உங்களுக்குச் சமைக்கிற ஒருவருக்கு, குறைந்தபட்சம் 'வயிற்றுப் பை சின்னதாகிவிட்டது, உருண்டையாக எதையும் விழுங்கக் கூடாது' என்பதாவது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கேழ்வரகில் கால்சியம் நிறைய, 100 கிராமில் 350 மில்லிகிராமைத் தொடும். புரதம் ஏழு கிராம்தான், அதனால் அதை முதல் சாப்பாடாக நம்ப முடியாது. நீர்க்கக் கரைத்த கூழில் மோர் ஊற்றி அரை டம்ளர் குடிக்கலாம், புரதம் முடிந்த பிறகு. களிக்கு ஆறு மாதமாவது போகட்டும். அதன் பிறகும் உருண்டை வேண்டாம். கிள்ளி, மென்று, நிறையக் குழம்போடு. களி மாதிரியே இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

கல்யாணப் பந்தி

வைகாசிக் கல்யாணத்துக்குள் உங்களுக்குப் பதினான்கு, பதினைந்து வாரமாகியிருக்கும். நான் சொன்ன படிகளைத் தாண்டி, வீட்டில் கோழியும் மட்டனும் ஒத்துக்கொண்டிருந்தால் பிரியாணியைத் தொடலாம். இலையில் வைத்ததும் கறியிலிருந்து தொடங்குங்கள். நன்றாக வெந்த சின்னத் துண்டு ஒன்றை நாராகப் பிய்த்து, தால்ச்சாவில் நனைத்து மெல்லுங்கள். சீரகச் சம்பா மணி மணியாக உதிரும், குழைந்த சோற்றைவிட உங்களுக்கு அது சுலபமாகவே இருக்கலாம், இரண்டு மூன்று ஸ்பூன். மக்கன் பேடா போன்ற இனிப்பு வேண்டாம். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பு, வயிற்றைப் பிசைவது, மயக்கம் வரும், உங்களுக்குச் சுகரும் உண்டு. வீட்டிலேயே ஒரு முட்டையும் தயிரும் சாப்பிட்டுவிட்டுப் போனால் பந்தியில் பரபரப்பு இருக்காது.

'என்னம்மா இலையில அப்படியே இருக்கு' என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். 'வயித்துல ஆபரேஷன் ஆச்சு, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காரு' என்று சொல்லுங்கள். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, அதற்கு மேல் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவரும் இல்லை. சமையல் பந்தலில் நிற்கும் வேலையை இந்த முறை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு மின்விசிறிப் பக்கம் உட்காருங்கள்.

நாளை ஆஸ்பத்திரியில் பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம், உப்புச் சத்து, மூன்று மாதச் சராசரிச் சுகர் ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால் ஆபரேஷனிலிருந்து ஒன்று, ஒன்றரை வருடமாவது தள்ளிவையுங்கள், அதற்கான ஏற்பாட்டையும் அங்கேயே பேசிவிடுங்கள். ஆனால் மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது பாத மதமதப்பைத்தான்.